சுறா எண்ணெய் பூசின வண்டி

எங்க மூத்தாரு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியணும்னா, அவருக்குப் பொண்ணு பாக்கப் போன நாளைத்தான் மொதல்ல சொல்லணும். மூத்தாருன்னா எங்க வூட்டுக்காரரோட அண்ணன். பேரு கேக்காதீங்க. மூத்தாரு பேரை நான் வாயால சொன்னதே கெடையாது. இத்தினி வயசுக்கு மேலயா சொல்லப் போறேன்.

நான் அந்த வூட்டுக்கு மருமகளா வர்றதுக்கு முன்னால நடந்தது, எங்க மாமியாரு சாவறவரைக்கும் சொல்லிகினே இருந்தாங்க. பொண்ணு வூடு வியாசர்பாடி. பொண்ணோட அப்பா ரயில்ல வேலை பாக்கற மனுசன், நல்ல மரியாதைப்பட்ட குடும்பம். மாப்ளை வூட்டுக்காரங்க வராங்கன்னு வாசக்கதவுக்குப் புதுசா பச்சை பெயிண்டு அடிச்சி வெச்சிருந்தாரு. பழைய பெயிண்டை எடுக்காம அது மேலயே அடிச்சிட்டாரு போல, ஒரு மூலையில லேசா தூக்கிகினு இருந்தது. எங்க மூத்தாரு பாத்து பாத்து அந்தக் கதவோரமா போய் குந்தினாரு. பெரியவங்க பேசிகினு கீறாங்க, பொண்ணு தாம்பாளத்தோட வந்து நிக்குது, இவரோட கட்டைவெரல் நகம் அந்த மூலையில. பச்சை வந்துடுச்சி. அதுக்கு அடியில நீலம். நீலத்துக்கு அடியில காவி. பொண்ணு புடிச்சிருக்கான்னு எங்க மாமியாரு கேக்கறாங்க, இவரு திரும்பாமயே "இன்னும் கொஞ்சம் கீது"ன்னாரு. அப்பத்தான் பொண்ணோட அப்பா கதவைப் பாத்தாரு. மொழம் அகலத்துக்கு உரிஞ்சி கெடக்குது. காப்பித் தண்ணி கூட குடிக்க வுடாம எழுப்பி அனுப்பிட்டாங்க. வழியெல்லாம் எங்க மாமியாரு தலையில அடிச்சிகினு வந்தாங்க. இவரு மட்டும் காவிக்கு அடியில இன்னா இருந்திருக்கும்னு கேட்டுகினே வந்தாரு.

அதுக்கப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்? கடைசி வரைக்கும் ஒண்டிக்கட்டைதான். எங்க கூடத்தான் காலடிப்பேட்டையில இருந்தாரு.

வேலை ஆர்பர்ல. கப்பல் பக்கவாட்டுல கயிறு கட்டி, பலகை தொங்க வுட்டு, அது மேல குந்திகினு சுத்தியால துரு தட்டணும். தட்டி, சொரண்டி, அப்பால பெயிண்டு அடிக்கணும். மத்தவங்க எல்லாம் சாயங்காலம் சங்கு ஊதினா சுத்தியைப் போட்டுட்டு வந்துடுவாங்க. இவருக்கு சங்கு ஊதினாலும் கை நிக்காது. மேஸ்திரி மேலேர்ந்து கயிறை இஸ்தாத்தான் வருவாரு. வர்ற வழியில டிராம் கம்பத்துல ஒரு கை, போலீஸ்காரன் நிக்கற பெட்டியில ஒரு கை. ஒருவாட்டி போலீஸ்காரன் உள்ள நிக்கும்போதே பெட்டியைச் சொரண்டி அடி வாங்கிகினு வந்தாரு. முதுகு வீங்கிப் போச்சி. ஆனா கை நிறைய மஞ்சப் பெயிண்டு சுருளு சுருளா, அத்த வெச்சிகினு சந்தோசமா வந்து நின்னாரு.

எங்க வூட்டுச் சாமானும் தப்பல. புளிக் கொழம்பு வைக்கறதுக்குன்னு ஈயம் பூசி வெச்சிருந்த பித்தளைக் குண்டானு, உள்ள ஒரு எடத்துல ஈயம் பொரிஞ்சிகினு இருந்திருக்கு. நாங்க ராயபுரம் போயிட்டு வர்றதுக்குள்ள மொத்த ஈயத்தையும் எடுத்து பளபளன்னு வெச்சிட்டாரு. அது தெரியாம கொழம்பு வெச்சி, வூடு மொத்தமும் வாந்தி. அவருந்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். எறா உரிக்கறதுக்கு அவரை மிஞ்ச ஆளு கெடையாது. ஒரு கூடை எறாவைக் கொட்டிட்டு நான் அடுப்பு பத்த வெக்கறதுக்குள்ள உரிச்சி முடிச்சி, இன்னும் கீதான்னு பாப்பாரு. எனக்கு அவரு மேல கோவம் வந்த அளவுக்குப் பாசமும் இருந்தது. அத்த மறைக்கறதுக்கு இன்னா கீது.

எனக்கும் அவருக்கும் நேர்ப் பேச்சு கெடையாது. அந்தக் காலத்துல தம்பி பொண்டாட்டி மூத்தாரு மொகத்தைப் பாத்துப் பேசக் கூடாது. அதனால நான் தண்ணிப் பானையைப் பாத்துச் சொல்லுவேன், "பானையே, சோறு ஆறுது"ன்னு. அவரும் பானையைப் பாத்தே "தோ வரேன்"னுவாரு. பானைதான் எங்க ரெண்டு பேருக்கும் பொது மனுசன்.

இப்ப மோட்டார் சைக்கிளுக்கு வரேன். எங்க வூட்டுக்காரருக்குத் திருவொத்தியூர் ரோட்டு மேல ஒரு இரும்புப் பட்டறையில தினக்கூலி. வேலை இருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. அங்க ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருகிட்ட ஒரு மோட்டார் சைக்கிள். அந்த ஊர்லயே அப்ப அது ஒண்ணுதான். துரை சீமைக்கு லீவுல போறாரு. பங்களாவுல வுட்டா, பதிலுக்கு வர்ற சின்னத் துரை எடுத்து ஓட்டி நாஸ்தி பண்ணிடுவான்னு பயம். எங்க வூட்டுக்காரரைக் கூப்பிட்டு, நீ உன் வூட்ல வெச்சிக்கோ, யாரும் கெளப்பக் கூடாது, நீயும் கெளப்பக் கூடாது, தள்ளி வேணா வெச்சிக்கோ, நான் வுட்டுட்டுப் போன மாதிரியே திரும்பக் குடுத்தா உன்னை நெலையான வேலையில எடுத்துக்கறேன், பட்டறைக்குப் பின்னால ஆளுங்களுக்குன்னு வரிசையா கட்டற லைன் வூடு ஒண்ணு தரேன்னு சொல்லிட்டுப் போனாரு.

லைன் வூடுன்னதும் எனக்கு ராவெல்லாம் தூக்கம் வரல. நாங்க இருந்தது ஓதம் ஏறின வூடு. மழை வந்தா சுவரு ஊறி உள்ள தண்ணி சொட்டும். மொதல் கொழந்தை அந்த ஈரத்துலதான் ஜன்னி கண்டு போச்சி. இப்ப ரெண்டாவது வயித்துல. காஞ்ச சுவரு இருக்கற ஒரு வூடு, அவ்ளோதான் எனக்கு வேண்டியது. அந்த வண்டியைத் தெனம் கும்புடாத கொறைதான்.

கொல்லையில கீத்துக்கொட்டாய் போட்டு, சாக்கு போத்தி வெச்சோம். கடக்காத்து சும்மா இருக்குமா? சாக்குல ஈரம் ஏறி, உப்பு பூத்து, உள்ள இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும். துரை கப்பல் ஏறிட்டாரு, வந்துகினு கீறாருன்னு பட்டறையில சொன்ன அன்னிக்குத்தான் சாக்கை எடுத்தோம். இஞ்சின் மேல அடிச்சிருந்த கறுப்பு பொரிப் பொரியா எழும்பி, தொட்டா உதிருது. இஞ்சினைச் சுத்தி அடுக்கு அடுக்கா தகடு இருக்கும், காத்து பூந்து சூடு தணியறதுக்கு. எங்க வூட்ல அத்த செவுளுன்னுதான் சொல்லுவோம். செவுளு மொத்தமும் செந்துரு. எங்க வூட்டுக்காரரு அப்படியே குந்திட்டாரு. நான் முந்தானையால தொடைச்சிப் பாத்தேன், முந்தானைதான் செவந்துது.

மூத்தாரு வேலை வுட்டு வந்தாரு. கொல்லைப் பக்கம் பாத்தாரு. அவரு மொகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாத்ததில்ல.

பட்டணத்துல மோட்டார் பெயிண்டு அடிக்கறவங்க கீறாங்க, தள்ளிகினு போய் காட்டலாம்னு எங்க வூட்டுக்காரரு மெதுவா சொன்னாரு. மூத்தாருக்கு ரோசம் வந்துடுச்சி. "அம்மாம் பெரிய கப்பலுக்கு அடிக்கறவன் நான். இது இன்னாடா, கப்பல் போட்ட குட்டி மாதிரி கீது." அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசற பழக்கம் எங்க வூட்டுக்காரருக்குக் கெடையாது.

ஆர்பருக்கு மட்டம் போட்டுட்டு ஆரம்பிச்சாரு. ரம்பத்துத் துண்டை ஒடிச்சி கூராக்கி ஒவ்வொரு செவுளா வுட்டு எடுத்தாரு. கறுப்பு போச்சி, துரு போச்சி, அடியில வெள்ளி மாதிரி இரும்பு தெரிஞ்சுது. அத்தோட நிக்கணும் இல்ல? செங்கல் தூளு, புளி, தேங்கா நாரு போட்டுத் தேச்சாரு. இஞ்சினுக்கு அடியில, வண்டி செஞ்ச கம்பெனிக்காரன் பேரை எழுத்தா தூக்கி வார்த்திருந்தான். அத்தையும் ஏதோ கெட்டியான துருன்னு நெனச்சி அரத்தால ராவ ஆரம்பிச்சிட்டாரு. எங்க வூட்டுக்காரரு ஓடிப் போய்க் கையைப் புடிக்கறதுக்குள்ள பாதி எழுத்து போயிடுச்சி. மீதியைப் பாத்துட்டு, பாதி இருந்தா அசிங்கமா இருக்கும்னு அத்தையும் ராவிட்டாரு.

அப்பால பெயிண்டு. ஆர்பர்லேர்ந்து கொண்டாருவாருன்னு பாத்தா, அங்க கெடைக்கறது கலீஜு, மூணு மாசம் தாங்காதுன்னுட்டாரு. எங்க மாமனாரு வழியில படகுக்காரங்க. படகுப் பலகைக்கு சுறா எண்ணெயில குங்கிலியம் போட்டுக் காய்ச்சிப் பூசறது அவங்க வழக்கம். தண்ணி ஏறாது, உப்பு ஏறாது, பலகை கல்லு மாதிரி நிக்கும். இவரு அத்தோட வெளக்குக் கரியைக் கலந்து ஒரு சட்டி நிறையக் காய்ச்சினாரு. நாத்தம் வந்திருக்கும். ஆனா எங்க தெருவுல படகு காயுது, வலை காயுது, கருவாடு காயுது. எங்க யார் மூக்குக்கும் அது ஒரு நாத்தமாவே தெரியல.

ஆனா எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது. நெதமும் அடுப்பாண்ட நிக்கறவ நான். சூடாவற இரும்பு மேல மீன் எண்ணெய் தடவினா இன்னா ஆவும்னு சொல்லித்தான் தெரியணுமா? பானை உள்ள இருந்தது, அத்த கொல்லைக்குத் தூக்கிகினு வர நேரமில்ல. அதனால வண்டியைப் பாத்தே சொன்னேன். "இந்தா வண்டி, நீ ஓடினா கொதிப்பே. உன் மேல எண்ணெய் தடவுறாங்க, நீ பொகையப் போறே. கொஞ்சம் யோசனை பண்ணிக்கோ." மூத்தாரும் வண்டியைப் பாத்தே பதில் சொன்னாரு. "கப்பலு பொகைக்கூண்டு உன்னைவிடக் கொதிக்குது. அதுக்கே நான்தான் பூசறேன்." பொகைக்கூண்டுக்கு அவரு சுறா எண்ணெய் பூசறதில்லையேன்னு எனக்கு அப்பால தோணுச்சி. ஆனா அதுக்குள்ள அவரு செவுளுக்குள்ள பிரஷ்ஷை வுட்டுட்டாரு. நாலு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் வெயில்ல காஞ்சி, கடைசியில இஞ்சின் புதுசா பொறந்த எருமைக்கன்னு மாதிரி கறுகறுன்னு மின்னுச்சி. அழகாத்தான் இருந்தது, இல்லன்னு சொல்ல மாட்டேன். கெளப்பிப் பாக்கலாம்னா, துரை கெளப்பாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

துரை வந்தாரு. அவரே எங்க தெருவுக்கு வந்தாரு. மூக்கைக் கைக்குட்டையால பொத்திகினுதான் வந்தாரு, அது தெருவோட நாத்தம்னு நெனச்சிருப்பாரு. வண்டியைப் பாத்தாரு. சுத்திச் சுத்தி வந்தாரு. குட், குட்டுன்னாரு. எங்க வூட்டுக்காரரு தோளைத் தட்டினாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. கம்பெனிக்காரன் பேரு போனதைக் கூட அவரு கவனிக்கல. ஒதைச்சிக் கெளப்பினாரு, பட்டறையைப் பாத்துப் போயிட்டாரு.

தெரு முக்கு தாண்டறவரைக்கும் ஒண்ணுமில்ல. அப்பால காக்கா ஒண்ணு கத்துச்சி. அப்பால பத்து காக்கா. அண்ணனும் தம்பியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துகினாங்க. பொரிச்ச சுறா வாசனை. எங்க மூக்குக்கே தெரியுதுன்னா பாத்துக்கோங்க. எங்க வூட்டுக்காரரு ஓட ஆரம்பிச்சாரு, மூத்தாரு பின்னால, நான் வயித்தைப் புடிச்சிகினு அவங்களுக்குப் பின்னால.

அந்த ரோட்டை நான் எப்படிச் சொல்லுவேன். துரை போறாரு, கீழேர்ந்து நீலப் பொகை எழும்புது, தலைக்கு மேல காக்கா கூட்டம் கூடவே பறக்குது. எல்லாச் சந்துலேர்ந்தும் பூனை வருது. நாய்ங்க வண்டியைக் கடிக்கவும் பயம், வுடவும் மனசில்ல, ஊளை வுட்டுகினே ஓடுதுங்க. துரை வேகத்தைக் கூட்டினாரு. கூட்டக் கூட்டச் சூடு, சூடு ஏற ஏற வாசனை. கூடைக்காரப் பொம்பளை ஒருத்தி என்னை நிறுத்தி, சுறா எந்தக் குப்பத்துல எறங்குச்சின்னு கேட்டா. எனக்கு மூச்சு வாங்குது, கையை மட்டும் காட்டினேன். அவளும் கூடையோட ஓட ஆரம்பிச்சிட்டா.

பட்டறை வாசல்ல போய்ச் சேந்தப்போ துரை வண்டியை நிறுத்திட்டு நிக்கறாரு. மொகம் செவந்து போச்சி. சுத்தி நாயி, பூனை, காக்கா, கூடைக்காரிங்க, பட்டறை ஆளுங்க. எங்க வூட்டுக்காரரு கையைக் கட்டிகினு எதிர்ல. துரைக்குத் தமிழ் கொஞ்சம் வரும், திட்டற தமிழ் நல்லாவே வரும். பேமானி வரைக்கும் வந்துட்டாரு. வேலையும் கெடையாது, வூடும் கெடையாது, கூலியும் கெடையாதுங்கற பேச்சு அடுத்தாப்ல வரப்போவுதுன்னு எனக்குத் தெரியுது. அங்கயே சுவரைப் புடிச்சிகினு நின்னேன்.

கெளப்பின இஞ்சின் ஆற ஆரம்பிச்சா டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோட, வெந்து போன எண்ணெய் ஏடு எழும்பி, அப்பளம் மாதிரி ஒரு கொப்புளம் வந்தது. துரை கையை ஆட்டி ஆட்டித் திட்டிகினு இருந்தவரு அத்தப் பாத்துட்டாரு. திட்டிகினேதான் குனிஞ்சாரு. நகத்தை அடியில வுட்டாரு. ஏடு அறுந்து போவாம நீளமா, வாழப்பட்டை கணக்கா, மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்புல வந்துடுச்சி.

துரை பேச்சை நிறுத்திட்டாரு. கையில இருந்த ஏட்டைப் பாத்தாரு. அடுத்த கொப்புளத்தைப் பாத்தாரு.

இந்தாண்ட எங்க மூத்தாரு எப்பவோ குந்திட்டாரு. துரை அந்தப் பக்கம், இவரு இந்தப் பக்கம். துரை கோட்டைக் கழட்டி யாரோ கையில குடுத்தாரு, முட்டி போட்டுட்டாரு. துரைக்கு ஒரு பெரிய துண்டு வந்தா இவருகிட்ட காட்டுவாரு, இவரு தலையாட்டுவாரு. இவருக்கு வந்தா துரை தலையாட்டுவாரு. பட்டறை ஆளுங்க வேலைக்குப் போவல, பட்டறை மேஸ்திரியும் போவச் சொல்லல. எங்க வூட்டுக்காரரு மட்டும் கட்டின கையை அவுக்கறதா வேணாமான்னு தெரியாம மத்தியானச் சங்கு ஊதற வரைக்கும் நின்னுகினே இருந்தாரு. வேலை போச்சா இருக்கான்னு துரை சொல்லி முடிக்கல. மறந்தே போயிட்டாரு.

மறுநாள்லேர்ந்து மூத்தாரு பங்களாவுக்குப் போனாரு. ரெண்டு பேருமா இஞ்சினை மறுபடியும் வெறும் இரும்பா ஆக்கினாங்க. துரை சூடு தாங்கற கறுப்பு பெயிண்டு ஒரு சின்ன டப்பாவுல வரவழைச்சாரு. மூத்தாரு மெல்லிசா பூசி, கொஞ்ச நேரம் இஞ்சினை ஓட வுட்டு, ஆற வெச்சி, மறுபடியும் பூசினாரு. அது உரியவே இல்ல. தெனமும் போய்ப் பாத்துட்டு வருவாரு, மொகம் வாடிப் போயிருக்கும்.

அப்பத்தான் இடி எறங்குச்சி. துரை அந்த நெலையான வேலையையும் லைன் வூட்டையும் மூத்தாருக்குக் குடுத்துட்டாரு. தம்பிக்கு இல்ல, அண்ணனுக்கு. மேஸ்திரி வந்து சொல்லிட்டு, வூட்டைப் பாத்துக்கோன்னு சாவியும் குடுத்தாரு. கூடப் பொறந்தவரு, நம்மளையும் சேத்துத்தான் கூப்டுகினு போவாருன்னு மனசைத் தேத்திகினேன். ஆனா துரை உத்தரவு வேலை செய்யறவனுக்கு மட்டும், ஒண்டிக்கட்டைக்கு அந்த வூட்ல ஒரு ரூமு மட்டுந்தான்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போயிட்டாரு. குடும்பஸ்தன்னாத்தான் முழு வூடாம்.

மூணு பேரும் பாக்கப் போனோம். புதுசா கட்டின வூடு. சுண்ணாம்பு அடிச்சி, வெயில்ல கண்ணு கூசுது. கதவு, சன்னலு எல்லாம் இப்பத்தான் பெயிண்டு அடிச்சது. நான் உள்ள போய்ச் சுவத்துல கன்னத்தை வெச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, சூடா காஞ்சிருந்தது. மூத்தாரு ஒவ்வொரு சுவரா கட்டைவெரலை ஓட்டிகினே போனாரு. மூலையில பாத்தாரு, கதவு இடுக்குல பாத்தாரு, சன்னலுக்கு அடியில பாத்தாரு. ஒரு எடத்துல கூட ஒரு துளி தூக்கல. வெளிய வந்து, பட்டறை வாசல்ல நின்ன மேஸ்திரி கையில சாவியைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

"இங்க எனக்கு இன்னா கீது? நான் எப்படி நாளைத் தள்ளுவேன்? தம்பிக்கே குடுத்துடு, அவன் குடும்பஸ்தன்."

எங்களுக்காகச் சொன்னாரா, நெசமாவே சொரண்ட ஒண்ணுமில்லன்னு சொன்னாரா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்க வூட்டுக்காரரு அழுதாரு. நானும் அழுதேன், ஆனா சாவியை வாங்கிகினேன்.

துரையும் சரின்னுட்டாரு, வேலையும் வூடும் எங்க வூட்டுக்காரருக்கே வந்தது. லைன் வூட்லதான் என் பையன் பொறந்தான். மழைக்காலம் முழுசும் ஒரு தும்மல் கெடையாது அவனுக்கு. மூத்தாரு பழையபடி ஆர்பர் வேலையைப் பாத்துகினு காலடிப்பேட்டை வூட்லயே இருந்துட்டாரு, அந்த ஓதம் ஏறின சுவரோட. வாங்கன்னா வர மாட்டாரு. கொழந்தையைப் பாக்க ஒருவாட்டி வந்தாரு, கையை எங்க வெச்சிக்கறதுன்னு தெரியாம மடியில வெச்சிகினு குந்தியிருந்துட்டு, ஜல்தியா கெளம்பிட்டாரு. அதுக்கப்பால பொங்கலுக்கும் வரல. வூட்ல அவரு இல்லாதது எனக்கு ஒரு மாதிரியாவே இருந்தது. சோறு ஆக்கினா ஒரு ஆளுக்குக் கூடவே ஆக்கிடுவேன்.

ஒரு நாள் கொழந்தையைத் தூங்க வெச்சிட்டு, கொடத்தை எடுத்துகினு கடலாண்ட போனேன். ரெண்டு கொடம் உப்புத்தண்ணி தூக்கியாந்தேன். உள்ள இல்ல, வாசப் பக்கத்து வெளிச்சுவத்துல நல்லா ஊறற மாதிரி ஊத்தினேன். மறுநாளும் ஊத்தினேன். பக்கத்து லைன்காரி, பைத்தியமா உனக்கு, புது வூட்டை ஏன் இப்படிப் பண்றேன்னு கேட்டா. அவளுக்கு நான் இன்னான்னு சொல்றது. சுவரு பூத்து, ஊதி, சுண்ணாம்பு தட்டுத் தட்டா எழும்பறவரைக்கும் ஊத்திட்டு, அண்ணன்கிட்ட போய் சுவரு உரியுதுன்னு சொல்லிட்டு வான்னு எங்க வூட்டுக்காரரை அனுப்பினேன்.

சொன்ன அன்னிக்கே வந்துட்டாரு. வாசல்லயே குந்திட்டாரு. ஒரு தட்டு எடுத்தாரு, நாக்குல வெச்சிப் பாத்தாரு. கடல் உப்பு கரிச்சிருக்கும். சுவத்துல பாதி எடத்துக்குத்தான் எழும்பியிருக்கு, அத்தயும் பாத்தாரு. சாயங்காலம் வரைக்கும் சொரண்டினாரு, பையன் தவழ்ந்து போய் அவரு மடியில ஏறிகினான், எறாக் கொழம்பு ரெண்டுவாட்டி வாங்கிச் சாப்பிட்டாரு. கெளம்பும்போது எங்க வூட்டுக்காரருகிட்ட சொன்னாரு.

"கொல்லைப் பக்கத்துச் சுவத்துக்கும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு. ஞாயித்துக்கெழமை வரேன்."